இடப்பக்கத்துப் பால்

அத்தியாயம் 9

பூக்காரி தெருவில் வந்ததும் சென்னியம்மாள் இரண்டு கை மல்லிகை வாங்கினாள். தாலியறுத்துப் பதினாறு வருஷம் ஆனவளுக்குப் பூ எதற்கு என்று பூக்காரி கேட்கவில்லை. மூன்று நாளாக அந்தப் பூ எங்கே போகிறது என்பது கருங்காட்டூர் முழுக்கத் தெரியும். தம்பி பெண்டாட்டி சௌந்திரத்தின் இடது மார்பில் வைத்துக் கட்டத்தான். மல்லிகை கட்டினால் பால் வற்றிவிடும். கெட்டுப்போன பால் எதற்காக ஊறிக்கொண்டிருக்க வேண்டும்?

பால் கெட்டுப்போயிற்று என்று தீர்ப்புச் சொன்னவளும் சென்னியம்மாள்தான்.

இதுவரை விடாமல் படித்து வருகிறவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்கு இரண்டு வார்த்தை.

மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையை ஓட்டும்போது வடம் அறுந்து, கிணற்று மேட்டில் விழுந்து, தோள் எலும்பை முறித்துக்கொண்டான் ராசப்பன். சேதி கேட்டதும், தாய்வீட்டில் ஐந்து மாதம் இருக்க வேண்டிய அவன் மனைவி சௌந்திரம் நாற்பது நாள் கைக்குழந்தையோடு ஓடி வந்தாள். வந்த இடத்தில் குழந்தை இளைக்க ஆரம்பித்தது. வலது மார்பில் வைத்தால் குடிக்கும். இடது மார்புக்கு மாற்றினால் உடம்பை முறுக்கிக்கொண்டு அலறும். ஒரு பக்கத்துப் பால் அதன் பசிக்குக் காணவில்லை. எழுபது நாள் ஆன குழந்தைக்குப் பிறந்தபோது இருந்த கன்னச் சதைகூட இப்போது இல்லை. ராசப்பனின் அக்காள் சென்னியம்மாள் ஒரு சொட்டுப் பாலை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, கைக்கிறது என்றாள். மேச்சேரியில் அவள் புகுந்த வீட்டில் கொழுந்தன் பச்சமுத்துவின் மனைவிக்கு ஐந்து மாதக் குழந்தை. இரண்டு பிள்ளைகளுக்குக் காணும் பால். நாளைக் காலையில் பச்சமுத்து வண்டியோடு வருகிறான். குழந்தையும், துணைக்குச் சென்னியம்மாளும் மேச்சேரி போவதாக ஏற்பாடு.

"நங்கையா, இன்னிக்கு ஒரு நாளைக்குக் கட்டாம உட்டுப் பாக்கலாமுங்களா?" என்று சௌந்திரம் கேட்டாள். கணவனின் அக்காளை அவள் கூப்பிடுவது அப்படித்தான்.

"நாளைக்கிப் பையன் மேச்சேரியில இருப்பான். அப்பறம் பால் கட்டிக் காச்சல் வந்து படுத்தீன்னா உன்னைய ஆரு பாக்கறது? கைய எடு அம்மணி."

சௌந்திரம் கையை எடுத்தாள். சென்னியம்மாள் பூவைப் பரப்பி, பழந்துணியால் இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டாள். அந்த அறை கல்யாண வீடு மாதிரி மணத்தது. சௌந்திரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"எத்தனை நாளைக்குங்க அங்க?"

"ஒடம்பு தேறுற வரைக்கும்."

"ஒரு பத்து நாளு ஆகுமுங்களா?"

"நானென்ன சோசியமா பாக்கறேன்?" என்று சொல்லிவிட்டுச் சென்னியம்மாள் எழுந்து போனாள். அந்தக் கேள்வி அவளுக்குப் பிடிக்கவில்லை.

அவளை நாம் பொல்லாதவள் என்று நினைத்துவிடக் கூடாது. குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுகிறவள் அவள். சாம்பிராணி காட்டுகிறவள் அவள். அவளுடைய செத்துப்போன தகப்பன் நாச்சிமுத்துவின் பெயரைத்தான் பிள்ளைக்கு வைத்திருக்கிறார்கள். தகப்பன் பெயரை வாயால் சொல்ல மாட்டாமல், 'சாமி, சாமி' என்றே அதைக் கொஞ்சுவாள். அவளுக்கென்று ஒன்று பிறந்ததில்லை. அந்தப் பேச்சை அவள் எடுத்ததும் இல்லை.

பதினோரு மணிக்குக் கரி பஸ்ஸில் வந்து இறங்கினாள் சாலம்மாள். பெட்ரோல் எல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்ட காலம் அது. பஸ் தன் முதுகில் கரியடுப்பைச் சுமந்துகொண்டு அந்தப் புகையில் ஓடும். ஏற்றம் வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். சாலம்மாளும் தள்ளிவிட்டுத்தான் வந்திருந்தாள் என்பது அவள் வெள்ளைப் புடவையைப் பார்த்தாலே தெரிந்தது.

அவள் ஆத்தூர்ப் பக்கத்துக்காரி. சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில், முறிந்து கூடிய கைகால்களை உருவிவிட்டு, மடக்கி நீட்டப் பழக்குகிற நர்ஸ். யுத்தத்தில் அடிபட்டுத் திரும்பிய சிப்பாய்களைக் கோலை வீசிவிட்டு நடக்க வைத்தவள் என்று பெயர். சனிக்கிழமைகளில் சேந்தமங்கலத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போகிற வழியில் இறங்கி ராசப்பனின் தோளைப் பார்த்துவிட்டுப் போவாள்.

அந்நிய ஆம்பிளையின் தோளைத் தொட்டு உருவுகிற பொம்பிளை என்று சென்னியம்மாளுக்கு அவள்மேல் அவ்வளவு பிரியம் இல்லை. வந்தவளுக்கு மோர் கொடுக்காமல் இருக்க முடியாது. ஆகவே உப்புப் போடாமல் கொடுப்பாள்.

ஆசாரம் என்கிற முன்கூடத்தின் விட்டத்தில் ஒரு கயிறு தொங்கியது. நல்ல கையால் ஒரு முனையை இழுத்தால், மறு முனையைப் பிடித்திருக்கும் கெட்ட கை தானாக மேலே போகும். அதுதான் ராசப்பனுக்குப் பயிற்சி.

"இருபது தடவை இழுங்க. நான் எண்ணறேன்."

"கவலை மாடாட்டம் ஆக்கிப்போட்டீங்க என்னைய."

"மாடு முனகாதுங்க," என்றாள் சாலம்மாள். "ஒண்ணு. ரெண்டு."

பன்னிரண்டு வரை எண்ணினாள். அப்புறம் சத்தம் இல்லை. ராசப்பன் பதின்மூன்றையும் பதினான்கையும் தானே எண்ணிக்கொண்டு, திரும்பிப் பார்த்தான். நர்ஸ் தூளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குழந்தை எப்பவும் அந்தப் பக்கமேதான் பாக்குமா?"

"ஆமாங்க. வாசப்படி வெளிச்சம் அங்கதான வருது," என்றான் ராசப்பன்.

சாலம்மாள் தூளியின் வலப்பக்கம் போய் நின்று, விரலைச் சொடுக்கினாள். குழந்தையின் கண்கள் அவளைத் தேடி வலது கோடிக்கு வந்தன. கழுத்து வரவில்லை. மறுபடி சொடுக்கினாள். கண் இன்னும் கொஞ்சம் வந்தது. கழுத்து அப்படியே இருந்தது. தலையும் வலது தோளை நோக்கிச் சாய்ந்தே இருந்தது.

சென்னியம்மாள் மோர்ச் செம்போடு வந்தாள். "தூங்கற புள்ளையை எதுக்குங்க எழுப்பறீங்க?"

"தூங்கலைங்க, முழிச்சிருக்கு. நான் தொட்டுப் பாக்கலாமா?"

சென்னியம்மாள் பதில் சொல்வதற்குள், உள்ளேயிருந்து சௌந்திரம் ஓடி வந்து, "பாருங்க, பாருங்க," என்றாள். நாத்தனாரைக் கேட்காமல் அந்த வீட்டில் அவள் சொன்ன முதல் வார்த்தை அது.

சாலம்மாள் குழந்தையை மடியில் கிடத்தி, வலது காதுக்குக் கீழே கழுத்தோரம் இரண்டு விரலால் மெல்லத் தடவினாள். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இங்க பாருங்க. புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி தெரியுதா?"

சென்னியம்மாளுக்கு அது தெரியும். குளிப்பாட்டும்போது பத்து நாளைக்கு முன்னாலேயே அவள் கையில் தட்டுப்பட்டிருந்தது. "ஒரம் உழுந்திருக்குதுங்க, கழுத்துச் சுளுக்குத்தான். நானே ரெண்டு வாட்டி எடுத்தேன். சீலையில போட்டு ஆளுக்கொரு பக்கம் புடிச்சு உருட்டினோம்."

"கழுத்துலதான் கோளாறுன்னு நீங்க கண்டுபிடிச்சீங்களே, அது சரிதான்," என்றாள் சாலம்மாள். "ஆனா இது சுளுக்கு இல்ல. உருட்டாதீங்க. கட்டிய அமுக்கவும் அமுக்காதீங்க. பிரசவம் கஷ்டமா இருந்துதா?"

"காலு முன்னால வந்துருச்சுங்க," என்றாள் சௌந்திரம். "தலைக்கி நெம்ப நேரமாச்சு."

"அப்பிடித்தான் ஆகும். அந்த இழுப்புல இந்தப் பக்கத்துத் தசை வீங்கிக் குறுகிப் போச்சு. தலைய வலப்பக்கம் திருப்பினா குழந்தைக்கு வலிக்குது." அவள் சௌந்திரத்தை நிமிர்ந்து பார்த்தாள். "எந்தப் பக்கத்துப் பால் குடிக்கலை? இடது பக்கம்தானே?"

சௌந்திரத்தின் வாய் திறந்தபடி நின்றது. இந்த அம்மாளுக்கு யார் சொன்னார்கள்?

"யாரும் சொல்லலம்மா. மல்லாத்தி மடியில போட்டுக்கிட்டு இடது பக்கம் கொடுத்தா, அது வலப்பக்கம் தலையைத் திருப்பணும். திருப்ப முடியலை. அதான் அழுவுது. பால் வேண்டாம்னு அழுவலை."

சென்னியம்மாளின் கையிலிருந்த மோர்ச் செம்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. தரையில் கொட்டுகிறது என்று ராசப்பன் சொல்லும்வரை அவள் அதைக் கவனிக்கவில்லை.

ராசப்பனை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். சௌந்திரம் சுவரோரம் உட்கார்ந்து முந்தானையைத் தளர்த்தினாள். துணிக்கட்டைப் பார்த்ததும் சாலம்மாள் முகம் சுருங்கியது.

"என்னம்மா இது? மல்லிகையா? எத்தனை நாளாக் கட்டறீங்க?"

சௌந்திரம் துணிக்கட்டைக் கையால் மறைத்துக்கொண்டாள். நாத்தனாரைக் காட்டிக் கொடுக்க அவளுக்கு இஷ்டமில்லை. அது சென்னியம்மாளை இன்னும் சுட்டது.

"மூணு நாளா. நாந்தானுங்க கட்டினேன்," என்றாள்.

"அவுங்க அவுத்துக்க மாட்டாங்க போலிருக்கு. நீங்களே அவுத்துடுங்க."

சென்னியம்மாள் குனிந்து முடிச்சை அவிழ்த்தாள். தானே இறுக்கிப் போட்ட முடிச்சு. அது இலேசில் அவிழவில்லை. வாடிய பூ சௌந்திரத்தின் மடியில் உதிர்ந்தது. ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"முதல்ல அது குடிக்கிற பக்கமே கொடுங்க," என்றாள் சாலம்மாள். குழந்தை வலது மார்பில் வாய் வைத்து, பசியோடு குடித்தது. கொஞ்ச நேரம் விட்டு அவள் மறுபடி சொன்னாள்: "இப்ப அதைத் திருப்பிப் போடாதீங்க. கிடக்கிற கிடப்புலயே இடப்பக்கம் நகத்துங்க. தலை எந்தப் பக்கமோ அதே பக்கம் இருக்கட்டும். காலை உங்க இடது அக்குளுக்குக் கீழ பின்னால விடுங்க. பானைய இடுக்கிக்கிறோம் இல்ல, அப்பிடி இடுக்கிக்குங்க. பிடரிக்குக் கீழ கை வைங்க, தலைய அமுக்காதீங்க. இப்ப அது தன் இடது கைப்பக்கமேதானே பாக்குது? அங்கயே உங்க மார்பு இருக்கு. அவ்வளவுதான்."

குழந்தை ஒரு தடவை முகத்தைச் சுளித்தது. சென்னியம்மாள் அலறலுக்குத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அலறல் வரவில்லை. 'மொச் மொச்' என்று ஒரு சத்தம்தான் வந்தது. அப்புறம் விழுங்குகிற சத்தம்.

"குடிக்கறானுங்க," என்றாள் சௌந்திரம். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் குழந்தையின் காதில் விழுந்தது. அது கவலைப்படாமல் குடித்தது. "நங்கையா, இந்தப் பக்கம் குடிக்கறானுங்க!"

சென்னியம்மாள் பார்த்தாள். அன்றைக்கு நாக்கில் வைத்த சொட்டு உண்மையிலேயே கைத்ததா என்று நினைத்துப் பார்த்தாள். கைத்தது என்று இப்போது அவளால் சத்தியம் செய்ய முடியவில்லை. கைத்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டே நாக்கில் வைத்திருப்பாளோ? அந்த நினைப்பு வந்ததும் கையிலிருந்த பூவை எங்கே போடுவதென்று தெரியாமல் இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

ஆனால் சந்தோஷம் நீடிக்கவில்லை. சிறிது நேரத்தில் குழந்தை வாயை எடுத்துவிட்டுச் சிணுங்கியது. இடப்பக்கத்தில் அதற்கு மேல் இல்லை.

"மூணு நாள் கட்டி வெச்சதுக்கு இவ்வளவு வந்ததே பெரிசு," என்றாள் சாலம்மாள். "ரெண்டு மணிக்கு ஒரு தடவை இந்தப் பக்கமும் விடுங்க. குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். நாலஞ்சு நாள்ல தெரிஞ்சிடும்."

"ஊறலீன்னா?" சௌந்திரம் கேட்டாள்.

"ஊறலைன்னா அப்ப யோசிக்கலாம். நான் பொய் சொல்ல மாட்டேன்." அவள் குழந்தையை வாங்கிக்கொண்டாள். "அதைவிடப் பெரிய வேலை இந்தக் கழுத்து. ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்து டாக்டரம்மாகிட்ட ஒரு தடவை காட்டணும். இங்க நெதமும் அஞ்சு தடவை நீவி நீட்டணும். நான் காட்டறேன். முதுகுக்கு அண்டக் கொடுக்க மெத்துன்னு ஒரு துணி கொண்டாங்க."

சௌந்திரம் எழுந்தாள். பழந்துணியெல்லாம் துவைக்கப் போட்டிருந்தது. வாசற்படியோரம் மேச்சேரிக்குக் கட்டி வைத்த தகரப் பெட்டி இருந்தது. குழந்தையின் துணிகள் அதில்தான். அவள் போய் மூடியைத் திறந்தாள்.

"இரு அம்மணி, நானெடுக்கறேன்!" என்று சென்னியம்மாள் எழுந்திருப்பதற்குள் மூடி திறந்துவிட்டது.

மேலே நாலு பழந்துணி. அதற்குக் கீழே சட்டைகள். புதுச் சட்டைகள், கையால் தைத்தவை. ஆறு மாதத்துக்கு ஒன்று, பல் முளைக்கிற காலத்துக்கு ஒன்று, நடக்கிற பிள்ளைக்கு இரண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் பொட்டு வைத்த கம்பளிக் குல்லா ஒன்று. பத்து நாளைக்குப் போகிற குழந்தைக்கு யாரும் அத்தனை சட்டை தைக்க மாட்டார்கள்.

சௌந்திரம் அங்கேயே குனிந்து நின்றாள். ஒரு சட்டையைத் தொட்டாள். பிறகு மேலே இருந்த ஒரு பழந்துணியை மட்டும் எடுத்துக்கொண்டு பெட்டியை மூடினாள். திரும்பி வந்து துணியை நர்ஸிடம் கொடுத்தாள். நாத்தனாரின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

திட்டியிருந்தால் சென்னியம்மாள் தாங்கியிருப்பாள். பதிலுக்கு நாலு வார்த்தை அவளிடம் எப்போதும் உண்டு.

சாலம்மாள் இடது கையால் குழந்தையின் வலது தோளை அசையாமல் பிடித்தாள். வலது கையால் தலையை ஏந்தி, இடது காது இடது தோளைத் தொடுகிற பக்கமாக மெல்லச் சாய்த்தாள். அப்புறம் முகத்தை வலப்பக்கம் திருப்பினாள். "பத்து எண்ணுற வரைக்கும் பிடிக்கணும். வெடுக்குன்னு இழுக்கக் கூடாது. அழும். அழுதா நிறுத்திடக் கூடாது, ஆனா மூச்சு முட்டற மாதிரி அழவும் விடக் கூடாது. நீங்க செஞ்சு பாருங்கம்மா."

சௌந்திரம் செய்து பார்த்தாள். குழந்தை வீறிட்டதும் கையை உதறிவிட்டாள். இரண்டாம் தடவையும் அப்படியே ஆயிற்று.

"என்னால ஆகாதுங்க," என்று சௌந்திரம் தேம்பினாள். குழந்தையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து வந்து, சென்னியம்மாளின் மடியில் அதைக் கிடத்தினாள்.

"நங்கையா, நீங்க செய்யுங்க. உங்க கைக்குத்தான் அவன் அடங்குவான்."

சட்டைகளைப் பார்த்த பிறகு சொன்ன வார்த்தை அது. சென்னியம்மாள் முந்தானையில் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டாள்.

குழந்தையின் தோளைப் பிடித்தாள். எத்தனையோ தடவை எண்ணெய் தேய்த்த தோள். "சாமி, என்ற சாமி, கொஞ்சூண்டு பொறுத்துக்க," என்று சொல்லிக்கொண்டே தலையைச் சாய்த்தாள். குழந்தை அழுதது. அவள் பிடியை விடவில்லை. கண் மட்டும் நிறைந்துவிட்டது. "ஒண்ணு, ரெண்டு" என்று சாலம்மாள் எண்ணினாள். பத்து முடிந்தபோது, குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவளுடைய மூக்குத்தி இல்லாத மூக்கைப் பார்த்தது.

"இந்தக் கைதான் வேணும்," என்றாள் சாலம்மாள். "மூணு மாசம் ஆகலாம், ஆறு மாசமும் ஆகலாம். ஒரு நாளும் விடக் கூடாது. அப்பறம் அந்தத் தூளி. வெளிச்சம் ஒரே பக்கமா வருது. அதுவும் அந்தப் பக்கமே பாத்துப் பழகிடுச்சு. தலைமாட்டை மாத்திப் போடுங்க."

"வடக்க தலை வெக்கறதா? என்ற உசுரு போனாலும் ஆகாது," என்றாள் சென்னியம்மாள். பழைய குரல் திரும்பிவிட்டது.

"வடக்க வேண்டாம். எதிர்த்த ஆசாரத்துல கட்டுங்க. அங்க வாசப்படி கிழக்கால இருக்கு. தெக்க தலை வெச்சாலும் வெளிச்சம் வலப்பக்கம் வரும்."

சென்னியம்மாள் மனசுக்குள் திசைகளைத் திருப்பிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. எழுந்து போய் இன்னொரு செம்பு மோர் கொண்டு வந்தாள். சாலம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தாள். இதில் உப்பு இருந்தது.

சாலம்மாள் மாலை பஸ்ஸுக்குப் போனாள். பஸ் புகையைக் கக்கிக்கொண்டு நகர்ந்த அதே நேரத்தில், தெருமுனையில் சலங்கைச் சத்தம் கேட்டது. பச்சமுத்துவின் கூண்டு வண்டி. நாளைக்கு வர வேண்டியவன்.

"நாளைக்குக் கரிநாளுங்க. புள்ளைய எடுத்துக்கிட்டுப் போற காரியமாச்சே, அதான் இன்னிக்கே கட்டிக்கிட்டு வந்துட்டேன்," என்று சொல்லிக்கொண்டே அவன் இறங்கினான். "வெரசாக் கெளம்புங்க. பொழுது உழுறதுக்குள்ள ராசிபுரம் தாண்டிரோணும். ஊட்டுல அவ புள்ளைக்காகக் காத்துக்கிட்டிருக்கறா."

வண்டிச் சத்தம் கேட்டால் கருங்காட்டூரில் யாரும் உள்ளே இருக்க மாட்டார்கள். எதிர் வீட்டுப் பெருமாயி வந்து நின்றாள். அவள் மருமகள் வந்து நின்றாள். பூக்காரிகூடத் திரும்பிப் போகிற வழியில் கூடையை இறக்கிவிட்டாள். சௌந்திரத்தின் பாலைப் பற்றி இந்த மூன்று நாளாக என்னென்ன பேச்சு நடந்தது என்பதெல்லாம் இவர்கள் வாயில்தான் இருந்தது.

ராசப்பன் அக்காளைப் பார்த்தான். அந்த வீட்டில் எதற்கும் முடிவு சொல்கிறவள் அவள்தான்.

சென்னியம்மாள் வாசலுக்கு வந்தாள். "புள்ளை வரலீங்க," என்றாள்.

"என்னங்க இது? பால் கெட்டுப்போச்சு, உடனே வாங்கன்னு நீங்கதான காயிதம் போட்டீங்க?"

எப்படியாவது பூசி மெழுகியிருக்கலாம். டாக்டர் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம், குழந்தைக்குச் சளி என்று சொல்லியிருக்கலாம். அவள் தெருவில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"பால் கெடலைங்க. என்ற தம்பி பொண்டாட்டி பால்ல ஒரு குத்தமும் இல்ல. புள்ளைக்குக் கழுத்துல நோவு. அது தெரியாம நாந்தான் தப்பாச் சொல்லிப்போட்டேன். நல்ல பால வத்த வெக்கப் பூவையும் கட்டிப்போட்டேன்."

பெருமாயி மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பச்சமுத்து தலையைச் சொறிந்தான். நல்ல மனுஷன். "செரி, புள்ளை வரலீன்னா போவுது. நீங்களாவது வாங்க நங்கையா," என்றான். அண்ணன் மனைவியை அவன் கூப்பிடுவதும் அப்படித்தான். "அங்கயும் உங்க ஊடுதானுங்களே. பதினாறு வருசமாத் தம்பியூட்டுலயே இருந்தாச்சு. புள்ளைக்கின்னு கெளம்புனது, உங்களுக்குன்னு கெளம்புனதா இருக்கட்டும். பொட்டியத்தான் கட்டி வெச்சிருக்கறீங்களே, நான் தூக்கி வண்டியில வெக்கறேன்."

சென்னியம்மாள் வண்டியைப் பார்த்தாள். இவ்வளவு செய்த பிறகு இங்கே இருக்க எந்த முகத்தோடு இருப்பது? மேச்சேரியில் பிள்ளை இல்லாமல் போய் என்ன செய்வது? பெட்டியை எடுக்கச் சொல்லலாம் என்றுதான் திரும்பினாள்.

வாசற்படியோரம் தகரப் பெட்டியின் மேல் சௌந்திரம் உட்கார்ந்திருந்தாள். குழந்தையை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு, முந்தானையால் மூடி, பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் எழுந்திருக்கிறவளாகத் தெரியவில்லை.